சாட்ஜிபிடி இருக்கும்போது டியூஷன் எதற்கு?

அண்ணன்: அத்தை, பையன் இனி டியூஷன் வேண்டாம் என்கிறான். எல்லாக் கணக்கையும் சாட்ஜிபிடியே விளக்கிவிடுகிறதாம். வீட்டுப்பாடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பரீட்சையில்தான் மார்க் இறங்குகிறது.

பெரியப்பா: போனைப் பிடுங்கி வை. வேலை முடிந்தது.

நான்: 2020ல் பள்ளிகளை மூடியபோது நாம்தானே பெரியப்பா போனைக் கையில் கொடுத்தோம் 😀

அத்தை: துருக்கியில் ஏறக்குறைய 1,000 மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகக்காரர்கள் செய்தது, 2024ல் வெளியானது. சாதாரண சாட்பாட்டை வைத்துக்கொண்டு பயிற்சிக் கணக்குப் போட்டவர்களுக்கு அது இல்லாமல் போட்டவர்களைவிட 48 சதவீதம் கூடுதல் மார்க். அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு.

பெரியப்பா: நான் சொன்னதைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்!

அத்தை: முழுசாகக் கேளுங்கள் அண்ணா. இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருகிற சாட்பாட். எந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டு அதற்குள் வைத்திருந்தார்கள். அந்தக் குழு பயிற்சியில் 127 சதவீதம் கூடுதல், தேர்விலும் பெரிதாகச் சரியவில்லை. ஆனால் தேர்வில் கூடுதலாகவும் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்: அப்படியானால் டீச்சர் வேலை விடையைச் சொல்லாமல் இருப்பதா?

அத்தை: பாதி வேலை அதுதான். வாய் துறுதுறுக்கும், சொல்லிவிட்டால் நேரமும் மிச்சம். ஆனால் அடைப்புக்குறியை விரிக்கும்போது மைனஸை விட்டுவிட்டு முழிக்கிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும், பல சமயம் அவனே பிடித்துவிடுவான். இல்லையென்றால் 'இந்த வரி எப்படி வந்தது' என்று மட்டும் கேட்பேன். யாரை எவ்வளவு நேரம் விடலாம் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அண்ணன் மகன்: நானும் நம் குடும்ப சாட் குழுவில்தான் இருக்கிறேன் 😐 எத்தனை தடவை கேட்டாலும் அது திட்டாது பாட்டி. டியூஷனில் இரண்டாவது தடவை கேட்டாலே முறைக்கிறார்கள்.

அத்தை: அது நியாயமான புகார்தான். கேட்கவே பயப்படுகிற இடத்தில் உட்கார்ந்து என்ன பிரயோசனம்! சரி, சாட்ஜிபிடியையே கேள், ஆனால் முதலில் நீ போட்டுப் பார். நின்றுபோன வரியைக் காட்டி, விடை வேண்டாம், குறிப்பு போதும் என்று சொல். பிறகு போனை மூடிவிட்டு அதே மாதிரி வேறொரு கணக்கை நீயே போடு.

அண்ணன்: அப்போ டியூஷன்?

அத்தை: அவன் தனியாகப் போட்ட அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அடித்துத் திருத்தியதோடு போட்டோ எடுத்து அனுப்பு, சுத்தமாக எழுதிய பிரதி எனக்கு வேண்டாம்.