யுரேகா ஃபெர்ரியில ஏறிப் பாத்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பனிமூட்டம்:
சான் ஃபிரான்சிஸ்கோ ஹைட் ஸ்ட்ரீட் படகுத்துறையில அருங்காட்சியகமா நிக்குமே, 1890ல கட்டின மரக்கப்பல், அதேதான். ஊர்லேருந்து வந்த அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். கீழ்த்தளத்துப் பழைய கார்களை அவர் திரும்பிக்கூடப் பாக்கல. மேல்தளத்தையும் தாண்டி நிக்குற வைர வடிவ இரும்புச் சட்டத்தையே அண்ணாந்து பாத்துட்டிருந்தார். நீராவி பிஸ்டனைத் தள்ளும், சட்டத்தோட ஒரு முனை ஏறும், மறுமுனை இறங்கித் துடுப்புச் சக்கரத்தோட அச்சைச் சுத்தும்னு அங்க சுத்திக்காட்டுற ரேஞ்சர் சொன்னதைத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சேன். "தெரியுதுடா, ஏத்தம்தானே இது?" பேர் என்னன்னார். வாக்கிங் பீம், நடக்குற மரம்னேன். செருப்பைக் கழட்டிட்டார். முன்னாடி நாலு எட்டு, பின்னாடி நாலு எட்டு. சின்ன வயசுல ஏத்தத்து மேல மிதிச்ச நடை. எல்லாரும் பாக்குறாங்களேன்னு "போதும் வாங்கப்பா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டும் நடந்து காட்ட மாட்டேங்கிறார்.

திருகாணி:
அப்பா கதை அருமை. ஆனா 1890னு அடிச்சுச் சொல்லாதீங்க. நானும் அப்படித்தான் ஒரு தூணைத் தடவி, "நூத்தி முப்பது வருஷ மரம்"னு வீட்டுக்காரம்மாகிட்ட அளந்துட்டிருந்தேன். பின்னாடி ஒரு தன்னார்வலர் தாத்தா தொண்டையைக் கனைச்சார். வளைகுடாவுக்கு அக்கரையில டிபுரான்ல கட்டினப்போ இதுக்குப் பேர் யூகையா. மேல ஆளு, கீழ ரயில் பெட்டி. முதல் உலகப் போர் முடிஞ்சதும் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனிப் பட்டறையில ரெண்டு வருஷம் வேலை பாத்து, நீர்மட்டத்துக்கு மேல இருந்ததைப் பூராவும் மாத்தி, யுரேகான்னு புதுப்பேர் வெச்சாங்க. விசிலை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அடியில புதுக் கப்பலைச் சொருகிட்டாங்கன்னு அந்தக் காலத்துத் தச்சருங்க கிண்டல் பண்ணுவாங்களாம். வீட்டுக்காரம்மா இப்பவும் நான் எதைத் தொட்டாலும் "எத்தனை வருஷம்?"னு கேக்குறா.

பனிமூட்டம்:
எங்கப்பா பாத்தது இன்ஜினை. அது 1890லேருந்து அதே இன்ஜின்தான் சார்.

ரெண்டு பிள்ளைக்காரி:
என் சின்னவன் கார்த்தளத்துல கண்ணாமூச்சி ஆடி காணாமப் போயிட்டான். 120 கார் நிக்கிற இடம், யோசிச்சுக்கோங்க. கடைசியில ஒரு பழைய லாரிக்குப் பின்னாடி கிடைச்சான். அவ்ளோதான் கதை. போறவங்க கவனிங்க: கோடைன்னு நம்பி அரைக்கை போட்டுப் போகாதீங்க, அங்க ஜூலையிலதான் குளிரும். கிளம்புறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு பாத்துக்கோங்க, மராமத்துன்னு மூடி வெச்சிருப்பாங்க. ஸ்ட்ரோலர் வேண்டாம், படிக்கட்டு செங்குத்து. குட்டிங்களுக்கு வழுக்காத ஷூ. காலையில போனா கூட்டம் கம்மி. பசிக்கு ஏதாவது கையில இருக்கட்டும். கடல்பறவைங்க முன்னாடி பொட்டலத்தைப் பிரிக்காதீங்க. திருகாணி சார், தூணையெல்லாம் தடவாதீங்க, சிலாம்பு ஏறிடும்.

கரையேறினவன்:
பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி, தொண்ணூறைத் தொட்டவங்க. சின்னப் பொண்ணா, வளைகுடாவுக்கு அக்கரையில இருக்குற சாசலிட்டோலேருந்து அவங்க அப்பாகூட இதுல வருவாங்களாம். ஒரு நடைக்கு 2,300 பேர் வரைக்கும் ஏறுவாங்க. 1937ல கோல்டன் கேட் பாலம் வந்ததும் கூட்டம் கரைஞ்சு, 1941ல அந்த ரூட்டையே நிறுத்திட்டாங்க. பிறகு ஓக்லண்ட் ரயிலுக்கு ஆள் ஏத்திட்டு ஓடிச்சு.

கைத்தாங்கலா மேல்தளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். உக்கார மாட்டேன்னுட்டாங்க. முன்பக்கம் எதுன்னு தெரியணுமாம். இது ரெண்டு பக்கமும் ஓட்டுற கப்பல், ரெண்டு முனையிலும் மாலுமி அறை, எதை முன்பக்கம்னு சொல்ல? அவங்களே தண்ணியைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரு பெஞ்சுல உக்காந்து, பையை மடியில வெச்சுக்கிட்டு ரேஞ்சரைக் கேட்டாங்க: "எப்பப்பா கிளம்பும்?"

அவரும் விளையாட்டா, "1957ல இன்ஜினோட கிராங்க் பின் உடைஞ்சு போச்சும்மா, சரிபண்ணிட்டிருக்கோம்"னார்.

பாட்டி சிரிக்கல. வாட்சைப் பாத்தாங்க.