தஞ்சாவூரில் ஒரு நாள்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். வைகாசியில் எங்களுக்குத் திருமணமாகி 25 வருடம் நிறைகிறது. நானும் மனைவியும் மட்டும் தஞ்சாவூரில் ஒரு நாள் முழுக்க இருக்கப் போகிறோம்.

போன முறை வேனில் கூட்டமாகப் போனோம். பெரிய கோயில் விமானத்தின் அடியில் வரிவரியாக ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு முன்னால் நின்று, "இது 'ட' தானே? இது 'ப'!" என்று அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அந்த ஏக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. இந்த முறை அவள் போதும் என்கிற வரை அங்கேயே நிற்க வேண்டும்.

காலையில் கோயில். மதியம் நடை சாத்தியதும் அரண்மனை, கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள், சரசுவதி மகால் நூலகம். சாயங்காலம் மறுபடி கோயில். இது சரிவருமா?

அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அரண்மனையில் படி ஏறாமல் எவ்வளவு பார்க்கலாம்? வெயிலில் கோயில் தளம் கொதிக்குமே, எத்தனை மணிக்குள் பிராகாரம் சுற்றிவிட வேண்டும்? சரசுவதி மகாலுக்கு வார விடுமுறை எந்த நாள்? கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் தாராசுரம் கோயிலையும் சேர்க்கச் சொல்கிறாள் மகள். எனக்கு மனமில்லை, அவசரமாகிவிடும். அப்புறம், மதியம் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நல்ல சைவ ஓட்டல் இருந்தால் சொல்லுங்கள்.