பெங்களூரு கே.ஆர்.புரத்தில் பழைய ஃபிளாட்: தனியாக வக்கீல் வைக்கணுமா?

புதுக்குடி: 11 வருஷப் பழைய ஃபிளாட், 85 லட்சம். லோனுக்காக வங்கி வக்கீல் பேப்பர் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். தனி வக்கீல் 20,000 கேட்கிறார். "தண்டச் செலவு சார்" என்கிறார் புரோக்கர். டோக்கன் அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

கணக்குப்புள்ளி: இந்த ஒரு விஷயத்தில் புரோக்கர் சொல்வது சரி. கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி 2.0 தளத்தில் ஈசியை (வில்லங்கச் சான்றை) நீங்களே எடுக்கலாம். ஃபாரம் 15 என்றால் பதிவுகளின் பட்டியல், 16 என்றால் அந்தக் காலத்தில் பதிவு எதுவும் இல்லை. ஈ-காத்தா (உள்ளாட்சியின் ஆன்லைன் சொத்துப் பதிவேட்டு நகல்) இல்லாமல் இப்போது பதிவே நடக்காது. ஓ.சி. (கட்டிடத்தில் குடியேறலாம் என்ற சான்று) நகல், அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்று என்.ஓ.சி., கட்டிய வரி ரசீது. இதை வாங்க வக்கீல் எதற்கு? முத்திரைத்தாள் 5%, அதன் மேல் செஸ், சர்சார்ஜ், பதிவுக் கட்டணம் 2% என்று ஏற்கெனவே சுமார் 6.46 லட்சம் போகிறது.

தாய்ப்பத்திரம்: ஆறரை லட்சம் கட்டுகிறவர் இருபதாயிரத்துக்குக் கணக்குப் பார்ப்பதா? ஈசி பதிவானதை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. கோர்ட்டில் வழக்கு ஓடுவதும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

கட்டிடத்துக்குத்தான் வயது 11. நிலத்தின் கதை வேறு. விவசாய நிலமாக இருந்திருந்தால் டி.சி. கன்வர்ஷன் ஆணை (வேறு பயன்பாட்டுக்கு மாற்றிய கலெக்டர் உத்தரவு) சர்வே நம்பரோடு பொருந்தணும். பில்டருக்குக் கொடுத்த குடும்பத்தில் மகள்கள் கையெழுத்துப் போட்டார்களா? கர்நாடகத்தில் 1994லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி எங்கே? முக்கியமாக, அரசு எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்குக் கொடுத்த நிலமா? அப்படியானால் 1978 பி.டி.சி.எல். சட்டப்படி அரசு அனுமதியில்லாத விற்பனை செல்லாது. நிலத்தைத் திரும்பக் கேட்கக் காலவரம்பு இல்லை என்று 2023ல் திருத்தமே வந்துவிட்டது. பழைய பத்திரங்கள் கன்னடத்தில் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அதை வரிக்கு வரி படிப்போம்?

கணக்குப்புள்ளி: கன்னடம் பாயிண்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 68 லட்சம் வரை போடுகிற வங்கி இதையெல்லாம் பார்க்காமலா விடும்?

தாய்ப்பத்திரம்: அந்த அறிக்கை வங்கிக்கு எழுதியது, ஃபீஸ் மட்டும் உங்களுடையது. டைட்டில் (சொத்துரிமை) போனாலும் இ.எம்.ஐ. நிற்காது.

அல்சூர்க்காரன்: ரெண்டு பேரும் டைட்டிலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அக்ரிமென்ட்டை யார் எழுதுவது? புரோக்கர் கொடுக்கும் டைப் அடித்த படிவத்தில் "லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்காது. விற்பவருக்குப் பழைய லோன் இருந்தால் அசல் பத்திரங்கள் அவர் வங்கியில் கிடக்கும். பாக்கித் தொகைக் கடிதமும் அங்குள்ள பத்திரங்களின் பட்டியலும் முதலில் கையில் வரணும். பதிவான அடமானம் என்றால் கடன் தீர்ந்ததும் அதை ரத்து செய்து பதிவு செய்யணும், இல்லாவிட்டால் ஈசியில் அடமானம் அப்படியே நிற்கும். யு.டி.எஸ். (ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) சதுர அடியை மூலப்பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

அதே சமயம், புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டாம். ஒரே பக்கத்தில் "டைட்டில் கிளியர்" என்று எழுதித் தருபவருக்கு 20,000 தண்டம்தான். எந்தெந்தப் பத்திரம் பார்த்தார், எது கிடைக்கவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டோக்கனுக்கு முன்னாடியே.

கணக்குப்புள்ளி: சரி, நிலம் கைமாறிய பழைய ஃபிளாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். பி.டி.ஏ. (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) நேரடியாக ஒதுக்கிய சைட் என்றால் நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதுக்குடி: ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ஃபிளாட் அண்ணன் தம்பி ரெண்டு பேர் பெயரில். தம்பி துபாயில் இருக்கிறார், அண்ணனுக்கு பவர் கொடுத்திருக்கிறாராம்.

தாய்ப்பத்திரம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கணும்! பவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் ஆனதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டினார்களா, அதில் விற்கவும் பணம் வாங்கவும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பி என்.ஆர்.ஐ. என்றால் அவர் பங்குக்கு வழக்கமான 1% டி.டி.எஸ். (வாங்குபவர் விலையில் பிடித்துக் கட்டும் வரி) பொருந்தாது, அதைவிட அதிகம் பிடிக்கணும். பிடிக்காவிட்டால் வருமான வரித்துறை கேட்பது உங்களைத்தான்.

கணக்குப்புள்ளி: துபாய் பவரா? வக்கீல் வையுங்க சார்.