26 வருஷமா வெடிக்காமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு சந்தேகம்

பாய்லர்க்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா):

வணக்கம். செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன் நான். நாரும் கொட்டை ஓடும்தான் எங்களுக்கு விறகு. 20 பார் அழுத்தத்தில் ஆவி எடுத்து டர்பைனைச் சுற்றவிடுகிறோம். அதிலிருந்து வெளியே வரும் 3 பார் ஆவியில் குலையை வேகவைக்கிறோம். பாய்லர் ஓட்டும் டிக்கெட் (லைசென்ஸ்) எடுத்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: தீ எரியலாம், வெடிக்கக் கூடாது.

ஒரு தடவை கோட்டை விட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம். உலையின் புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேன் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை. உலைக்குள் ஈர நார் புகைந்துகொண்டு கிடந்தது. கதவைத் திறந்தேன், புஸ்ஸென்று தீ வெளியே பாய்ந்தது. புருவம் இரண்டும் போச்சு, மீசையில் பாதி போச்சு. அந்த வருஷத்துக் குடும்பப் போட்டோவை இன்னும் சுவரில் மாட்ட விடமாட்டேன்.

விஷயம் இதுதான். மகள் ஆறாம் படிவம். நேற்று சாப்பிடும்போது, "அப்பா, நாசாவில் ராக்கெட் இஞ்சினுக்குள்ளே வெடிக்கவிட்டே ஓட்டுறாங்களாம்" என்றாள். அப்படி ஓட்டினால் அப்புறம் ஓட்டுவதற்கு இஞ்சினே இருக்காதே என்றேன். 2023-இல் 251 வினாடி ஓடியது என்று போனை எடுத்துக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

என் உலையில் நடந்ததும் அதுவும் ஒன்றா? சாதாரணத் தீ இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? எங்கள் ஆலையிலும் கழிவுநீர்க் குளத்தை மூடி பயோகேஸ் எடுக்கிறார்கள். நாளைக்கு அதிலும் இதைக் கொண்டுவருவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகள் கேட்டால் நானும் நாலு வார்த்தை பேச வேண்டும்.

கேஸ் டர்பைன் தம்பி:

அண்ணே, உங்கள் புருவத்தை எடுத்தது வேகமாக எரிந்த தீ. டெட்டனேஷன் இல்லை. அதுவாக இருந்திருந்தால் உலையும் இருந்திருக்காது, இந்தப் பதிவும் வந்திருக்காது.

சாதாரணத் தீ பக்கத்தில் இருக்கிற வாயுவுக்குச் சூட்டைக் கைமாற்றித்தான் நகரும். அசையாமல் நிற்கும் மீதேன்-காற்றுக் கலவையில் வினாடிக்கு 40 சென்டிமீட்டர்தான் போகும். கலக்கிவிட்டால் வேகம் கூடும். டெட்டனேஷனில் முன்னால் போவது அதிர்ச்சி அலை. அது வாயுவை நசுக்குகிறது, நசுங்கிய சூட்டிலேயே வாயு பற்றிக்கொள்கிறது, அந்த எரிதல் அலையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதே மீதேன்-காற்றில் வினாடிக்கு 1800 மீட்டர், அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்கு. இந்த வேகத்தைக் கணக்குப் போடும் வழியை 1899-இல் சாப்மனும் 1905-இல் ஜூகேயும் எழுதிவிட்டார்கள். புதுச் சரக்கு ஒன்றுமில்லை.

எதற்கு இந்த வம்பு? நான் வேலை செய்வது கேஸ் டர்பைன் மின்நிலையத்தில். டர்பைன் எடுக்கிற சக்தியில் பாதிக்கு மேல் காற்றை அழுத்தும் கம்ப்ரஸருக்கே போய்விடும். அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய அழுத்தத்தில் எரியறை வேறு சில சதவீதத்தைத் தின்றுவிடும். டெட்டனேஷனிலோ எரியும்போதே அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைப் பிடித்து வைக்க முடிந்தால் அதே எரிபொருளில் கூடுதல் வேலை. சோவியத் விஞ்ஞானி ஸெல்தோவிச் 1940-லேயே இதைச் சொன்னார்.

மகள் சொன்னது சுழல் டெட்டனேஷன் இஞ்சின். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், நடுவில் சின்ன இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து எரிபொருளும் காற்றும் ஏறிக்கொண்டே இருக்கும், அலை அந்த வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். குறுக்களவு 15 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்று 47 சென்டிமீட்டர். வினாடிக்கு 3800 சுற்று! ஒரு முறை பற்றவைத்தால் போதும், எரிபொருளை நிறுத்தும்வரை சுற்றும்.

தலைவலி எங்கே என்றால், அலை கடந்து போகிற இடத்தில் அழுத்தம் எகிறி, உள்ளே வருகிற வாயுவைத் துளை வழியாகவே திருப்பித் தள்ளப் பார்க்கும். அதைத் தடுக்கத் துளையைச் சிறிதாக்கினால் அங்கேயே அழுத்தம் வீணாகிறது. அலை கொடுத்த லாபம் அதற்கே சரியாகிவிடும். வட்டிக்கு வாங்கிச் சீட்டுக் கட்டுகிற கதை. பெரும்பாலான சோதனைகளில் மொத்தக் கணக்கு இன்னும் நஷ்டம்தான். எங்கள் நிலையத்துக்கு இது நான் ஓய்வு பெறுவதற்குள் வரும் என்று நான் நம்பவில்லை.

பட்டறை அண்ணன்:

மோட்டார் சைக்கிளில் "நாக்கிங்" என்போமே, அதற்கு இது உறவுக்காரன் மாதிரி இருக்கிறது. தீ போய்ச் சேரும் முன்னே மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்ததை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன்.

இன்னொன்று. சின்ன வயதில் தோட்டத்தில் கார்பைட் போட்டு மூங்கில் பீரங்கி வெடிப்போம். லயத்துக் கூரைத் தகரமெல்லாம் அதிரும், தோட்டத்துக் கணக்கர் கிராணி பிரம்போடு ஓடி வருவார். ஒரு தடவை மூங்கில் பிளந்து கூட்டாளி ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. அப்புறம் நான் அதைத் தொடவே இல்லை. அது டெட்டனேஷனா?

ஜப்பானில் படிக்கிறவள்:

பெரும்பாலும் அது வேகமாக எரிந்த தீதான், அண்ணா. ஆனால் கார்பைடிலிருந்து வருவது அசிட்டிலீன். தீ வேகம் பிடித்து டெட்டனேஷனாக மாறுவதற்கு அதைப்போல ஏதுவான வாயு குறைவு. 1960-ஐ ஒட்டி சோவியத்தின் நோவோசிபிர்ஸ்க்கில் வொய்ட்செகோவ்ஸ்கி என்ற விஞ்ஞானி வளையத்தில் அலையைச் சுற்றவிட்டதும் அசிட்டிலீன்-ஆக்சிஜனில்தான்.

பயோகேஸ் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. குழாய்க்குள் கரி பூசிய தகட்டை வைத்து டெட்டனேஷனை ஓடவிட்டால், தகட்டில் மீன் செதில் மாதிரி கோலம் விழும். முதல் தடவை பார்த்தபோது யாரோ கையால் வரைந்தது என்றே நினைத்தேன். காற்றில் கலந்த ஹைட்ரஜன், அசிட்டிலீனுக்குச் செதில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். பயோகேஸில் முக்கியமாக இருக்கும் மீதேனுக்குக் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். செதில் பெரிதானால் இஞ்சினும் பெரிதாக வேண்டும். பயோகேஸில் கரியமில வாயுவும் கலந்திருப்பதால் இன்னும் மோசம். உங்கள் ஆலைக்குச் சாதாரண கேஸ் இஞ்சினே போதும். ராக்கெட்டில் காற்றுக்குப் பதில் சுத்த ஆக்சிஜன் என்பதால் மீதேனும் அடங்கி வருகிறது.

2021 ஜூலையில் ஜப்பானின் உச்சினோவுரா ஏவுதளத்திலிருந்து ஏவிய எஸ்-520-31 ராக்கெட்டில், விண்வெளியில் இப்படிப்பட்ட இஞ்சின் 6 வினாடி எரிந்தது. தள்ளுவிசை 500 நியூட்டன், ஒரு 50 கிலோ அரிசி மூட்டையைத் தாங்கிப் பிடிக்கிற அளவு. உங்கள் மகள் சொன்ன நாசா இஞ்சின் தரையில் 2.6 டன் அளவுக்குத் தள்ளியது.

பாய்லர் அண்ணா, உங்கள் பாடத்தைத்தான் ராக்கெட்காரர்களும் முன்பு படித்தார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்போலோ ராக்கெட்டின் எஃப்-1 இஞ்சினில் அழுத்த அலை தானாகக் கிளம்பி இஞ்சினையே சிதறடித்தது. வேண்டுமென்றே உள்ளே சின்ன வெடியை வெடித்து, அதில் கிளம்பும் அலை அடங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, வருஷக்கணக்கில் சரிசெய்தார்கள்.

பாய்லர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மகள் பிஸ்கட் டின்னில் கயிற்றைச் சுற்றி அளந்தாள், 49 சென்டிமீட்டர் வந்தது. இதை ஒரு வினாடியில் 3800 தடவை எப்படிச் சுற்றும் என்று என் மனைவி கேட்டு, கடைசியில் டின்னைப் பிடுங்கி முறுக்கு போட்டுவைத்தாள். மகளுக்கு ஒரு கேள்வி பாக்கி: அலை எந்தப் பக்கமாகச் சுற்றும்? இடமா, வலமா?

ஜப்பானில் படிக்கிறவள்:

இரண்டும் நடக்கும். சில சமயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திசை மாறும். இரண்டு மூன்று அலை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும், எதிரெதிராக வந்து மோதிக்கொள்வதும் உண்டு. தங்கச்சியை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.