சைட் ரிப்போர்ட் எழுத டென்ஸ், பாசிவ், காசேட்டிவ்: எப்படிப் பழகுவது?

சாந்துச்சட்டி:
திருப்பூர் பக்கம் ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன், டிப்ளமோ சிவில். தினமும் சாயங்காலம் அன்றைய வேலையை ஆங்கிலத்தில் எழுதி பெங்களூரில் இருக்கும் கிளையன்ட்டுக்கு மெயில் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ், பாசிவ் எல்லாம் படித்ததுதான், 'ராமா கில்ட் ராவணா' என்று கொடுத்தால் இன்றைக்கும் திருப்பிப் போட்டுவிடுவேன். ஆனால் "நேற்று ஸ்லாப் போட்டாச்சு, இப்போ க்யூரிங் (தண்ணி விட்டு ஊற வைக்கிறது) நடக்குது, வெள்ளிக்கிழமைக்குள்ள படிக்கட்டு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்குற பலகை அடைப்பு) முடிஞ்சிடும்" என்று எழுத உட்கார்ந்தால் எங்கே வாஸ், எங்கே ஹேஸ் பீன் என்று கை நின்றுவிடுகிறது. அப்புறம் ஒரு சுவர் கோணலாக வந்தது, மேஸ்திரியை வைத்து இடித்துத் திரும்பக் கட்ட வைத்தோம். அதற்கு மேனேஜர் ஹேட், காட் என்று ஏதோ போட்டுத் திருத்தினார், ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் வரும்" என்கிறார். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையையும் மறுபடி மனப்பாடம் செய்யணுமா, வேறு வழி இருக்கிறதா?

பழைய வாத்தியார்:
தம்பி, அட்டவணையை மூடி வையுங்கள். நீங்கள் எழுதின மூன்று தமிழ் வரியிலும் யார் செய்தார் என்பதே இல்லை, கவனித்தீர்களா? போட்டாச்சு, நடக்குது, முடிஞ்சிடும். வேலைதான் முன்னால் நிற்கிறது, ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் ஆங்கிலத்தில் பாசிவ் வரும். 'தி ஸ்லாப் வாஸ் காஸ்ட் எஸ்டர்டே.' 'க்யூரிங் இஸ் பீயிங் டன்.' 'தி ஸ்டேர்கேஸ் சென்ட்ரிங் வில் பி கம்ப்ளீட்டட் பை ஃப்ரைடே.' ராமா, ராவணா கணக்கில் 'பை ராமா' என்று கடைசியில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தோம் பாருங்கள், ரிப்போர்ட்டில் அது பெரும்பாலும் தேவையே இல்லை. 'பை தி ஒர்க்கர்ஸ்' என்று எழுதினால் படிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும், வேறு யார் போடப்போகிறார்கள்?

நேற்று, திங்கட்கிழமை, காலை பத்து மணி என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'வாஸ்'தான். நேரம் சொல்லாமல், வேலை முடிந்து இப்போது அந்த நிலையில் இருக்கிறது என்றால் 'தி ஸ்லாப் ஹேஸ் பீன் காஸ்ட்.' இரண்டையும் கலந்து 'ஹேஸ் பீன் காஸ்ட் எஸ்டர்டே' என்று நம் ஊரில் பாதிப் பேர் எழுதுகிறார்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதற்கு 'விதின் ஃப்ரைடே' என்று எழுதுவதும் அதே மாதிரிதான், 'பை ஃப்ரைடே' போதும். 'விதின்' போட்டால் பின்னால் கால அளவு வர வேண்டும், 'விதின் டூ டேஸ்' என்பதுபோல.

பன்னிரண்டில் எட்டுக்குத்தான் பாசிவ் பழக்கத்தில் இருக்கிறது. க்யூரிங் மூன்று நாளாக நடக்கிறது என்பதற்கு 'ஹேஸ் பீன் பீயிங் டன்' என்று யாரும் எழுத மாட்டார்கள், 'க்யூரிங் ஹேஸ் பீன் கோயிங் ஆன் ஃபார் த்ரீ டேஸ்' என்று சுற்றிப் போய்விடுவார்கள்.

உங்களுக்கு ரொம்ப உதவப்போவது பாஸ்ட் பெர்ஃபெக்ட். ஸ்லாப் போடுவதற்கு முன்பே கரண்ட் பைப் பதித்தீர்களா இல்லையா என்று ஆறு மாதம் கழித்துச் சண்டை வரும். 'தி கான்டியூட்ஸ் ஹேட் பீன் லெய்ட் பிஃபோர் தி ஸ்லாப் வாஸ் காஸ்ட்' என்று எழுதி வைத்திருந்தால் எது முன்னால் நடந்தது என்று கேள்வியே இல்லை.

ரசமட்டம்:
வாத்தியார் சொன்னது சரி, நான் காசேட்டிவுக்கு, அதாவது இன்னொருவரை வைத்து வேலையைச் செய்வித்தோம் என்று சொல்லும் அமைப்புக்கு வருகிறேன். தமிழில் 'முடி வெட்டினேன்', 'வீடு கட்டினேன்' என்றால் நானே கத்தரி பிடித்தேன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் அர்த்தம், கடையில் வெட்டியிருந்தால் 'ஐ ஹேட் மை ஹேர் கட்' அல்லது 'காட் மை ஹேர் கட்.' உங்கள் சுவருக்கும் அதேதான்: 'வி ஹேட் தி வால் ரீடன்.' பொருள் முன்னால், வினையின் மூன்றாம் வடிவம் பின்னால்.

மேஸ்திரியையும் சொல்லணும் என்றால் 'வி ஹேட் தி மேசன் ரீடூ தி வால்.' இங்கே 'டு' கிடையாது. 'காட்' போட்டால் 'டு' வரும்: 'வி காட் தி மேசன் டு ரீடூ தி வால்.' ஹேட் என்றால் வேலையை ஒப்படைத்தோம், அவர் செய்தார், அவ்வளவுதான். காட் என்றால் கொஞ்சம் பேசிச் சமாளித்து வழிக்குக் கொண்டுவந்த வாசனை இருக்கும். 'வி மேட் தி மேசன் ரீடூ' என்றால் அவருக்கு இஷ்டமில்லை, கட்டாயப்படுத்தினோம், அதைக் கிளையன்ட் மெயிலில் எழுதாமல் இருப்பது நல்லது :) இந்த மேக் பாசிவுக்குப் போனால் மட்டும் எங்கிருந்தோ ஒரு 'டு' வந்து ஒட்டிக்கொள்ளும்: 'தி மேசன் வாஸ் மேட் டு ரீடூ தி வால்.'

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. 'வி ஹேட் டூ பண்டில்ஸ் ஆஃப் பைண்டிங் வயர் ஸ்டோலன்' என்றால் ஆள் வைத்துத் திருடினோம் என்று இல்லை, நம் கம்பி திருடு போனது என்று. அமைப்பு ஒன்றுதான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

குரூப்4_கனவு:
எல்லாரும் திருப்பிப் போடும் பயிற்சியைக் கிண்டல் செய்கிறீர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்களுக்கு அதுதான் சோறு. ஐம்பது வாக்கியம் மாற்றிப் பார்க்காமல் பரீட்சை ஹாலில் 'ஹூ புரோக் திஸ்' என்று வந்தால் 'பை ஹூம் வாஸ் திஸ் புரோக்கன்' என்று சட்டென்று வராது. சூப்பர்வைசர் அண்ணாவுக்கு வேண்டாமாக இருக்கலாம், படிக்கிற எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பழைய வாத்தியார்:
தேர்வுக்கு என்றால் போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் திருப்பிப் போடத் தெரிந்தவருக்கு எப்போது திருப்பக் கூடாது என்று தெரிவதில்லை. சிமென்ட் லாரி வரவில்லை, வேலை நின்றது என்று வையுங்கள். 'சிமென்ட் வாஸ் நாட் டெலிவர்ட்' என்று எழுதினால் யார் மேல் தப்பு என்று கிளையன்ட் திரும்பக் கேட்பார். 'தி சப்ளையர் டிட் நாட் டெலிவர் தி சிமென்ட்' என்று ஆளைச் சொல்லிவிட வேண்டும். ஹேப்பன், அரைவ் மாதிரிச் செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்குப் பாசிவே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாந்துச்சட்டி:
எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு எழுதினது, அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்: 'தி காலம் ஷட்டரிங் வாஸ் ரிமூவ்ட் டுடே மார்னிங். ஸ்லாப் க்யூரிங் ஹேஸ் பீன் கோயிங் ஆன் சின்ஸ் த்ரீ டேஸ். வி ஹேட் தி எலக்ட்ரீஷியன் டு செக் தி கான்டியூட்ஸ். எ ஸ்மால் டிலே வாஸ் ஹேப்பன்ட் ட்யூ டு ரெயின்.'

ரசமட்டம்:
டுடே மார்னிங் வேண்டாம், திஸ் மார்னிங். த்ரீ டேஸ் என்பது கால அளவு, அதனால் ஃபார். சின்ஸ் வேண்டுமென்றால் சின்ஸ் மன்டே. ஹேட் எலக்ட்ரீஷியனுக்குப் பின்னால் இருக்கும் 'டு'வை எடுத்துவிடுங்கள். கடைசி வரி 'தேர் வாஸ் எ ஸ்மால் டிலே ட்யூ டு ரெயின்.' எத்தனை மணி நேரம் என்றும் போடுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.