எஸ்ஏடி இலக்கணக் கேள்விகளில் மார்க் நகரவே இல்லை, உதவுங்கள்

மதுரையில் பிளஸ் டூ படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ் வழி. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வுக்கு இன்னும் 7 வாரம். புளூபுக் செயலியில் மூன்று மாதிரித் தேர்வு எழுதியாயிற்று. ரீடிங் அண்ட் ரைட்டிங் பிரிவில் 800க்கு 610, 620, 610.

ஒவ்வொரு முறையும் ஏழெட்டு இலக்கணக் கேள்விகள் போகின்றன. செமிகோலன் பிடிபட்டுவிட்டது: இரு பக்கமும் தனித்து நிற்கும் வாக்கியமா என்று பார்க்கிறேன். ஒருமை பன்மையும் பரவாயில்லை. மாட்டிக்கொள்வது முற்றுவினையா எச்சமா என்பதிலும், அதைவிட அதிகமாக டேங்ளிங் மாடிஃபையரிலும்தான், அதாவது வாக்கியத்தின் முதலில் வரும் எச்சத் தொடர் தவறான எழுவாயோடு ஒட்டிக்கொள்வது. 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்றால் தமிழில் சரி. பெய்தது ஒன்று, நிரம்பியது வேறொன்று. ஆங்கிலத்தில் 'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் சோக்ட் மீ' என்றால் மழை பள்ளிக்கு நடந்ததாகிவிடுகிறது. கமாவுக்கு அடுத்து நடந்த ஆள் வரவேண்டும். விதி தெரியும். ஆனால் 32 நிமிடத்தில் 27 கேள்வி என்று ஓடும்போது என் காதுக்கு அது சரியாகவே கேட்கிறது. இந்தப் பிரிவில் இரண்டு மாட்யூல் (பகுதி). முதல் மாட்யூலில் சறுக்கினால் இரண்டாவது எளிதாக வந்து மார்க்கும் மேலே ஏறாது, அதுதான் பயம்.

கான் அகாடமி பாடங்களை இரண்டு முறை முடித்தேன். தவறுகளை நோட்டில் எழுதிவைக்கிறேன். ஆறு வாரம் டியூஷன் போனேன். விதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அப்புறம் நின்றுவிட்டேன்.

தமிழ் வழியில் படித்து 700 தாண்டியவர்களே, காதை நம்பாமல் இந்தத் தவறை வேகமாகக் கண்டுபிடிக்க தினமும் என்ன பயிற்சி செய்தீர்கள்?