காந்தத்தில் ஒட்டிய பாலிமரும் நீலத் தண்ணீரும்

கரைசலில் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) தானாகவே கூடி நானோ துகளாகிவிடும் என்று படித்துவிட்டு, நமக்கு என்ன பெரிய வேலை இருக்கப்போகிறது என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தேன். என் சங்கிலியின் ஒரு பாதி பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்), தண்ணீரோடு ஒட்டும். மறுபாதி பாலிலாக்டிக் அமிலம், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அசிட்டோனில் நல்ல கெட்டியாகக் கரைத்து, உள்ளே போட்ட காந்தத் துண்டைச் சுழற்றிக் கலக்கும் ஸ்டிரரை மெதுவாகச் சுழலவிட்டு, அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பொறுமையாக விட்டேன். பொறுமைக்குக் கிடைத்த பரிசு, காந்தத்தைச் சுற்றி அப்பிக்கொண்ட வெள்ளைக் கட்டி!

சீனியர் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, தலைகீழாகச் செய் என்றார். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று நீர்க்கக் கரைத்து, வேகமாகச் சுழலும் தண்ணீருக்குள் சிரிஞ்சால் சட்டென்று அடித்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசான நீலம், கட்டி எதுவும் இல்லை. துகளின் விட்டத்தை அளந்தால் 90 நானோமீட்டர் சொச்சம். சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர மில்லிசெகண்டுகள் போதும், நாம் அதைவிட மெதுவாகக் கலந்தால் அரைகுறையாகக் கலந்த இடங்களில் துகள் பெருத்துக்கொண்டே போகும் என்பது அப்புறம்தான் புரிந்தது. தானாகக் கூடும் என்பது சரிதான், ஆனால் எப்படிக் கூடும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மேலே எழுதியவருக்கு: அந்த 90ஐ நம்புவதற்கு முன் மாதிரியை வடிகட்டினீர்களா? நான் வடிகட்டாமல் டிஎல்எஸ்ஸில் (சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் கருவி) வைத்து, துகளெல்லாம் பெருத்துவிட்டது என்று ஒரு வாரம் அழுதிருக்கிறேன். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்காக ஏறும், அதாவது பத்து மடங்கு பெரிய ஒரே ஒரு துகள் ஏறக்குறைய பத்து லட்சம் சின்னத் துகள்களுக்குச் சமமாகக் கத்தும். என் விஷயத்தில் கத்தியது குப்பியில் இருந்த தூசி.

என் கதை வேறு மாதிரி. நான் சங்கிலியை வளர்த்துக்கொண்டே துகளாக்கும் பீசா முறையில் வேலை செய்கிறேன். சங்கிலியின் கண்ணியாகச் சேரும் ஹைட்ராக்சிபுரோப்பில் மெதாக்ரிலேட் தண்ணீரில் கரையும், அதன் பாலிமர் கரையாது, அதனால் 70 டிகிரியில் சங்கிலி நீள நீள முதலில் உருண்டை, அப்புறம் புழு, அதற்கும் மேல் போனால் உள்ளே தண்ணீரை அடைத்துக்கொண்ட பை. ஒருநாள் ஆறவிட்ட பிளாஸ்க்கைக் கவிழ்த்தால் எதுவும் விழவில்லை, ஒரே ஜெல். சங்கிலிகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைந்து குறுக்கிணைப்பு ஆகிவிட்டது, போச்சு என்று நினைத்து, கொட்ட மனமில்லாமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் தண்ணீராக ஓடியது! நீளமான புழுக்கள் பின்னிக்கொண்டதால்தான் ஜெல், குளிரில் அவை உருண்டைகளாகப் பிரிந்துவிட்டன. மேசையில் வைத்தேன், சாயங்காலத்துக்குள் மறுபடி கெட்டி. கைடிடம் காட்டுவதற்காக அதை இன்னும் நாலு தடவை குளிர வைத்தேன்.